வாடகை சேர்வர் மூடப்பட்டால் உங்கள் செயலி என்னவாகும்?

கையடக்கத் தொலைபேசியில் நாம் பார்க்கும் செயலி வெறும் முகப்புத்தான். பயனர் கணக்குகள், படங்கள், பதிவுகள் யாவும் எங்கோ உள்ள சேர்வரிலேயே இருக்கின்றன. அந்த சேர்வரை இன்னொரு நிறுவனத்திடம் வாடகைக்குப் பெறுவது பலரது வழக்கம். வேலை சுலபம். ஆனால் அந்நிறுவனம் சேவையையே நிறுத்தினால்?

'பார்ஸ்' சேவையை நம்பியவர்களுக்கு நடந்தது இதுதான். 2013 இல் பேஸ்புக் அதை வாங்கியது. 2016 ஜனவரியில், ஒரு வருடத்தில் மூடப்போவதாக அறிவித்தது. கூடவே தரவுகளை மாற்றும் கருவியையும், 'பார்ஸ் சேர்வர்' எனும் திறந்த மூல மென்பொருளையும் வெளியிட்டது.

இவ்வாறான நிலையில் ஒழுங்கு முக்கியம். முதலில் தரவுகளைச் சொந்தத் தரவுத்தளத்துக்கு நகர்த்த வேண்டும். அடுத்து புதிய சேர்வரை நிறுவிப் பரிசோதிக்க வேண்டும். அதன்பின்னரே புதிய முகவரியுடன் செயலியின் அடுத்த பதிப்பை வெளியிட வேண்டும். எல்லோரும் உடனே அப்டேட் செய்வதில்லை. பழைய பதிப்பு பழைய முகவரியையே தேடும்; மூடும் நாளில் அது செயலிழக்கும். எனவே கடைசி மாதம் வரை காத்திருப்பது ஆபத்தானது.

எல்லா நிறுவனங்களும் ஒரு வருட அவகாசம் தரும் என்பதில்லை. பழைய மாணவர் சங்கமோ, சிறு கடையோ செயலி செய்விக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். தரவுகளை முழுமையாக எடுத்துக்கொள்ள முடியுமா? மாதந்தோறும் அவற்றின் பிரதி எமது கையில் இருக்குமா? செயலி தொடர்புகொள்ளும் முகவரி எமது சொந்த டொமைனா?

மூன்றுக்கும் 'ஆம்' என்றால், சேவை மூடப்பட்டாலும் இடம் மாறலாம். இல்லையெனில், உங்கள் அங்கத்தவர்களின் விபரங்கள் வேறொருவரின் தீர்மானத்தில் தங்கியிருக்கின்றன.