முகத்தில் விழும் திரை

நரை, திரை, மூப்பு என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லுவது நம் முன்னோர் வழக்கம். தலை வெளுப்பது நரை. தோல் சுருங்குவது திரை. அலைக்கும் திரை என்றே பெயர். காற்று வீசிய குளத்தில் அலை எழுவதுபோல், வயது வீசிய முகத்தில் கோடு எழுவதைக் கண்டு அச்சொல்லை வழங்கினார்கள் போலும். நரையைப் பற்றி நம் வீடுகளில் அவ்வளவு அச்சம் இல்லை. சாயக் குப்பி ஒன்று இருந்தால் போதும். திரையைக் கண்டால்தான் கலக்கம். கண்ணோரத்தில் ஒரு கோடு தென்பட்டுவிட்டால், மறுநாளே நிலைக்கண்ணாடி அருகில் ஒரு புதிய டப்பா குடியேறிவிடுகிறது. அந்த டப்பா எதைச் செய்ய வல்லது, எதைச் செய்ய மாட்டாது என்று தெரிய வேண்டுமானால், திரை எங்கே விழுகிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

அதற்கு நாம் கண்ணமங்கலம் வரையில் போய் வருவது நல்லது. வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில், ஆரணியைச் சார்ந்த பட்டு நெசவு ஊர் அது. பட்டைப் பற்றித் தெரிந்தவர்களுக்குத் தோலைப் பற்றி விளக்குவது எளிது. ஏனெனில் இரண்டும் புரதத்தாலான நூல்களே. பட்டுப்புழு நூற்ற இழை மிக மெல்லியது. அதைத் தனியாகத் தறியில் ஏற்றுவதில்லை. பல இழைகளை ஒன்று சேர்த்து, முறுக்கேற்றிய பிறகே நெய்கிறார்கள். முறுக்கினால்தான் நூலுக்குப் பலம்.

நம் தோலும் அப்படியே. கண்ணுக்குத் தெரியும் மேல்தோல் மிக மெல்லிய போர்வை. மாதத்திற்கு ஒரு முறை என்று சொல்லத்தக்க விதத்தில் அது உதிர்ந்து புதிதாகிறது. அதன் கீழே உள்ள உள்தோலில்தான் நெசவு இருக்கிறது. அங்கே பாவும் ஊடையுமாகப் பரந்து கிடக்கும் நூலுக்குக் கொலாஜன் என்று பெயர். உள்தோலின் நீரை வற்றச் செய்து நிறுத்தால், எஞ்சியதில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்த நூலே. அதனூடே எலாஸ்டின் என்ற மற்றொரு நூல், ரப்பரைப்போல் இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கி, தோலைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது.

கொலாஜன் நூலின் முறுக்கு எப்படிப்பட்டது என்பது ஆராயப்பட்டது நம் சென்னையிலே என்பதை இங்கே பெருமையுடன் குறிப்பிடுகிறோம். சென்னைப் பல்கலைக்கழகத்துப் பௌதிகப் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரனும் அவருடன் உழைத்த கோபிநாத் கர்த்தாவும், எக்ஸ்-கிரணங்களின் உதவியால் ஆராய்ந்து, அது மூன்று சங்கிலிகள் சேர்ந்த அமைப்பு என்று 1954-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருக்கும் விதத்தை மறு ஆண்டில் மேலும் தெளிவுபடுத்தினார்கள். அதாவது, நம் முகத்தைத் தாங்குவது ஒரு முப்புரிக் கயிறு.

இந்தக் கயிறு என்றும் புதிதாக இருப்பதில்லை. இருபது பிராயத்தைக் கடந்தபின், ஆண்டுக்குச் சுமார் நூற்றில் ஒரு பங்கு வீதம் கொலாஜன் குறைந்துவருகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற முதல் ஐந்து ஆண்டுகளில் இக்குறைவு நூற்றுக்கு முப்பது வரை எட்டும் என்று கண்டிருக்கிறார்கள். தாய்மார்கள் அந்தப் பிராயத்தில் ‘திடீரென்று முகம் தளர்ந்துவிட்டதே’ என்று சொல்லுவது வெறும் பிரமை அன்று.

முகத்திற்கு இன்னொரு விசேஷமும் உண்டு. உடலின் பெரும்பாலான தசைகள் எலும்பை இழுப்பவை. முகத்துத் தசைகளோ தோலையே இழுப்பவை. ஆகையால்தான் நாம் சிரிக்கவும் சினக்கவும் முடிகிறது. ஒவ்வொரு முறையும் தோல் அதே இடத்தில் மடிகிறது. பட்டுச் சேலையை ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் வைத்திருந்தால் அம்மடிப்பிலே அது நைந்துபோகும் என்பதனால், நம் பாட்டிமார்கள் அவ்வப்போது எடுத்து மாற்றி மடித்து வைப்பார்கள். முகத்தை மாற்றி மடிக்க வழியில்லை. நாள் முழுவதும் இழையையே உற்றுப் பார்க்கும் நெசவாளியின் புருவ நடுவே மடிப்பு நிலைத்துவிடுவதில் வியப்பென்ன?

இவ்வளவும் வயதின் வேலை, இயற்கை. ஆனால் முகத்தில் நாம் காணும் திரைகளில் பெரும்பகுதி வயதின் வேலையே அன்று, வெயிலின் வேலை. இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். நடு வயதைக் கடந்தவர் யாராயினும், தம் மேற்கையின் உட்புறத்துத் தோலையும் புறங்கைத் தோலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். இரண்டிற்கும் வயது ஒன்றே. ஒன்று வெயிலை அறியாதது, மற்றொன்று அறிந்தது.

சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கிரணங்களில் ஒரு வகை, மேல்தோலைத் துளைத்து உள்தோல் வரை செல்கிறது. அங்கே கொலாஜனை வெட்டும் நொதிகளைத் தூண்டிவிடுகிறது. ஜன்னல் கண்ணாடியும் அதை முழுவதும் தடுப்பதில்லை. அமெரிக்காவில் இருபத்தெட்டு ஆண்டுகள் லாரி ஓட்டிய ஒருவரின் புகைப்படத்தை 2012-இல் ஒரு மருத்துவ சஞ்சிகை பிரசுரித்தது. அந்நாட்டில் ஓட்டுநர் இடப்பக்கம் அமர்வார். அவருடைய முகத்தில் ஜன்னலை ஒட்டிய இடப்பாதி ஆழ்ந்த திரைகளுடன் தொங்கியிருந்தது. வலப்பாதியோ பல ஆண்டுகள் இளையதாகத் தோன்றியது!

இந்த வெயிலுக்கு எதிராக இயற்கை நமக்கு ஒரு குடை தந்திருக்கிறது. அதுதான் நம் தோலின் கருமை. மெலனின் என்னும் அந்த நிறப்பொருள் கிரணங்களைத் தானே தாங்கிக்கொள்ளுவதால், வெள்ளையரைவிட நம்மவருக்குத் திரைகள் தாமதமாகவே விழுகின்றன. அந்தக் குடையைக் கிழித்தெறிவதற்கு நாமே காசு கொடுக்கிறோம் என்பதுதான் பரிதாபம். சிவப்பழகும் இளமையும் சேர்த்துத் தருவதாகச் சொல்லி விற்கும் பசைகள் சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கிறது. 2021 முதல் 2023 வரை கேரளத்துக் கோட்டக்கல்லில் சிறுநீரக நோயுடன் வந்த பலர், இத்தகைய பசைகளைப் பூசிவந்தவர்கள் என்று மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். வேறு சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கிறது. முதலில் முகம் பளபளக்கும். மாதங்கள் செல்லச் செல்லக் கொலாஜன் வளராமல் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் வெளியே தெரியும். நூலைக் காக்க வாங்கிய பொருளே நூலை அறுக்கிறது.

பின் என்னதான் செய்வது? கொலாஜன் கலந்தது என்று விற்கும் பசை, அந்த நூலை உள்தோலுக்குக் கொண்டுசேர்க்காது. அவ்வளவு பெரிய பொருள் மேல்தோலைக் கடக்க இயலாது. மேல்தோலை ஈரமாக்கிச் சிறு கோடுகளைச் சிறிது நேரம் மறைக்கும், அவ்வளவே. ஆஸ்திரேலியாவின் நாம்பூரில் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டவர்களை நாலரை ஆண்டுகள் கவனித்த ஆராய்ச்சி 2013-இல் வெளியாயிற்று. வெயில் தடுப்புப் பசையைத் தினமும் பூசியவர்களின் தோல், விருப்பம்போல் பூசியவர்களின் தோலைவிடக் குறைவாகவே முதுமையுற்றது. அதை வாங்க வசதியில்லையென்றால் குடையும் முந்தானையும் இருக்கவே இருக்கின்றன. வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ட்ரெடினாயின் என்ற மருந்து திரையைச் சற்றுக் குறைக்கும். ஆனால் மருத்துவர் சொல்லாமல் அதைத் தொடலாகாது. கருவுற்ற பெண்களுக்கு ஆகவே ஆகாது. புகைப்பவர்கள் அதை நிறுத்தினால் முகத்திற்கும் நன்மை.

உணவிலே, அதியமான் ஔவைக்கு அளித்த நெல்லிக்கனியை மறக்க வேண்டாம். முப்புரியின் முறுக்கு தளராமல் நிற்பதற்கு வைட்டமின் ஸி இன்றியமையாதது. நெல்லியில் அது ஆரஞ்சைவிடப் பன்மடங்கு உண்டு. அதற்காக, நெல்லி தின்றால் திரை மறையும் என்று நாம் சொல்ல வரவில்லை. நூல் நெய்யப் பஞ்சமில்லாமல் இருக்கும் என்பதே பொருள்.

பட்டுச் சேலையை நனைத்தால் வெயிலில் போடாதே, நிழலில் உலர்த்து என்று நம் வீட்டுப் பெண்களுக்கு ஒருவரும் புத்தகம் வைத்துக் கற்பிக்கவில்லை; தாயிடமிருந்து மகள் கற்றுக்கொண்டாள். பீரோவிலுள்ள பட்டுக்குக் காட்டும் அந்தப் பரிவில் ஒரு பங்கைத் தன் முகத்திற்கும் காட்டும்படி அவளுக்குச் சொல்லுவோம். பெயர் தெரியாத டப்பாவை அவள் கையிலிருந்து இன்றே வாங்கி வைப்போம். அதற்குப் பிறகும் விழும் திரை, அவள் சிரித்த சிரிப்புக்களின் மடிப்பு. அது இருந்துவிட்டுப் போகட்டும்.