புகைக்குழாய்க்கு முதலில் இடம் பாருங்கள்

அமெரிக்காவின் மெய்ன், வெர்மான்ட் மாநிலங்களில் பனிக்காலம் வந்தால் வீட்டைச் சூடாக்கும் செலவு குடும்பத்தின் கழுத்தைப் பிடிக்கும். எண்ணெய் விலைக்கு ஈடுகொடுக்க முடியாத பலர் அங்கே பெல்லட் அடுப்புக்கு மாறியிருக்கிறார்கள். மரத்தூளை அழுத்திக் கால் அங்குலப் பருமனில் செய்த சிறு குச்சிகள்தான் பெல்லட். மோட்டார் ஒன்று அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீயில் சேர்க்கும். விசிறி ஒன்று புகையை வெளியே தள்ளும். வாங்கப் போகிறவர்கள் அடுப்பின் அழகைப் பார்க்கிறார்கள், எத்தனை சதுர அடிக்குச் சூடு வரும் என்று விசாரிக்கிறார்கள். புகைக்குழாய் எங்கே வெளியேறும் என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. என்னைக் கேட்டால், அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

விறகடுப்புப் புகை தன் சூட்டினால் தானே மேலேறும். அதற்குக் கூரைக்கு மேல் நீளும் புகைபோக்கி வேண்டும். பெல்லட் அடுப்பிலோ விசிறி தள்ளிவிடுவதால் சுவரில் துளையிட்டுக் குழாயைப் பக்கவாட்டிலேயே வெளியே விடலாம். செலவு மிச்சம்தான். ஆனால் விசிறியின் அழுத்தத்தில், இணைப்பில் மயிரிழை இடைவெளி இருந்தால்கூடப் புகை அறைக்குள் கசியும். அதனால் ஒவ்வொரு இணைப்பையும் குழாய்க் கம்பெனி சொல்லும் முறைப்படி, வெப்பம் தாங்கும் சிலிகானோ கேஸ்கெட்டோ வைத்து அடைக்க வேண்டும். குழாயும் பெல்லட் அடுப்புக்கென்றே சான்று பெற்ற இரட்டைச் சுவர்க் குழாயாக இருக்க வேண்டும்: உள்ளே எவர்சில்வர், வெளியே பெரும்பாலும் ஜி.ஐ. தகடு. துணி உலர்த்தும் எந்திரத்தின் அலுமினியக் குழாயையோ, கேஸ் ஹீட்டருக்கான பி வகைக் குழாயையோ மாட்டவே கூடாது.

குழாயின் விட்டம் 3 அங்குலமா, 4 அங்குலமா? பல கம்பெனிகள் ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. 90 டிகிரி வளைவு (எல்போ) ஒவ்வொன்றும் 5 அடி நேர்க்குழாய்க்குச் சமம். எல்லாம் கூட்டி 15 அடியைத் தாண்டினால் 4 அங்குலம் போட வேண்டும்.

மின்சாரம் போகும் நேரத்தையும் யோசிக்க வேண்டும். 1998 ஜனவரியில் கியூபெக்கிலிருந்து மெய்ன் வரை அடித்த பனிமழையில் மின்கம்பங்கள் சாய்ந்தன. சில ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. மின்சாரம் போனதும் அடுப்பின் விசிறி நின்றுவிடும். ஆனால் தீக்கிண்ணத்தில் விழுந்த குச்சிகள் இன்னும் கொஞ்ச நேரம் கனன்று புகையும். சுவருக்கு வெளியே ஓரடி நீட்டிய குழாய் மட்டும் இருந்தால், அந்தப் புகை வீட்டுக்குள் திரும்பும். அதோடு நிறமும் வாசனையும் இல்லாத கார்பன் மோனாக்சைடும் வரும். குழாயை 3 முதல் 5 அடி செங்குத்தாக ஏற்றிவிட்டால் விசிறி இல்லாமலே புகை மேலே இழுபடும். முடிந்தவரை அந்த ஏற்றம் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். வெளியே என்றால் குழாய் குளிர்ந்து இழுவை குறையும். ஏற்றம் தொடங்கும் இடத்தில் சாம்பல் தட்டுவதற்கு மூடியுள்ள ‘டீ’ (T) வடிவ இணைப்பு ஒன்று கட்டாயம். இதற்கு ஆகும் கூடுதல் பணத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

வெளிவாய்க்கும் விதிகள் உண்டு. திறக்கும் ஜன்னலுக்கும் கதவுக்கும் கீழே அல்லது பக்கத்தில் என்றால் 4 அடி, மேலே என்றால் ஓரடி தள்ளி இருக்க வேண்டும் என்பது அங்கே பொதுவான விதி. நடைபாதைப் பக்கம் என்றால் 7 அடி உயரம். தரையிலிருந்து ஓரடி போதும் என்று கையேடு சொன்னாலும், மெய்னில் மூன்றடிப் பனி குவியும் சுவரில் அது எப்படிப் போதும்? பனி எவ்வளவு ஏறும் என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டு, அதற்கு மேல் வையுங்கள். காற்று நேராக மோதும் சுவர், மர டெக்கின் அடிப்பகுதி, இரண்டு சுவர்கள் கூடும் உள்மூலை ஆகியவற்றைத் தவிருங்கள். சுவரை ஒட்டி வாய் இருந்தால் வெள்ளை வினைல் பலகையில் கரி படியும், தேய்த்தாலும் லேசில் போகாது. அடுப்புக்கு வெளிக்காற்று எடுக்கும் குழாயையும் புகைவாய்க்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது.

பனி நாடுகளில் வீடு வாங்கியிருக்கும் நம்மவர்களும் அடுப்புக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் வீட்டை வெளியே ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். அடுப்பின் கையேட்டையும் நகராட்சி அனுமதியையும் சரிபாருங்கள். படுக்கையறைக்குப் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டிய பிறகே அடுப்பைப் பற்றவையுங்கள்.