கொழும்புக்குப் போன பூண்டுலோயாப் பிள்ளைகள்

தீபாவளி கழிந்த மூன்றாம் நாட் காலையில் பூண்டுலோயாக் கடைவீதியில் நிற்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. மலைச்சரிவுகளை மூடியிருந்த பனி இன்னும் விலகவில்லை. தலவாக்கலைக்குப் புறப்படவிருந்த பஸ் வண்டியைச் சூழ்ந்து ஒரு பெருங்கூட்டம். புதுச் சட்டையின் மடிப்புக் குலையாத இளைஞர்கள்; கழுத்தில் கம்பளித் துண்டு சுற்றிய தாய்மார்; தமையன் மீண்டும் போகிறானே என்று முகம் சுருங்கிய சிறுமிகள். ஒவ்வொரு பையிலும் ஏதோவொரு பொட்டலம் திணிக்கப்பட்டுக் கொண்டிருந்தது. தோட்டத்துப் போஞ்சி, முருங்கைக்கீரை, முறுக்கு, எல்லாவற்றுக்கும் மேலாகத் தேயிலைத்தூள். கொழும்பில் தேயிலைத்தூள் விற்கும் கடையே இல்லையா என்று ஒரு தாயிடம் கேட்க நினைத்தோம். அந்த அம்மாள் பொட்டலத்தை வைத்த விதத்தைப் பார்த்த பின்னர் கேட்கவில்லை.

பூண்டுலோயா, நுவரெலியா மாவட்டத்தில், கொத்மலை ஓயாவை நோக்கி ஓடும் ஆற்றின் பெயரையே தன் பெயராகக் கொண்ட சிற்றூர். தலவாக்கலையிலிருந்து வரும் பாதையில் டன்சினன் நீர்வீழ்ச்சியைக் கண்டு வியக்காதவர் இலர். சீன், டன்சினன், மடக்கும்புர எனத் தோட்டங்கள் ஒன்றையொன்று தழுவிக் கிடக்கின்றன. டன்சினன் என்னும் பெயரைத் தம்முடன் கொண்டுவந்தவர்கள் ஸ்கொத்லாந்துத் துரைமார். ஷேக்ஸ்பியரின் ‘மக்பெத்’ நாடகத்திலே, பேர்ணம் காடு டன்சினன் குன்றை நோக்கி நகர்ந்து வரும்போதுதான் மன்னன் வீழ்வான் என்று ஒரு குறி சொல்லப்படுகிறது. நம்முடைய டன்சினனை நோக்கி எந்தக் காடும் நகர்ந்து வரவில்லை. அங்கிருந்து மனிதர்கள்தாம் நகர்ந்து போய்க்கொண்டிருக்கிறார்கள்.

போவது இம்மக்களுக்குப் புதிதன்று. 1914ஆம் ஆண்டில் மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்றார். இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் அவ்வாறு சென்றவர்கள் ஏழு பேர். அடுத்த ஆண்டே வந்தது 1948இன் பிரசாவுரிமைச் சட்டம். அவர்களை அனுப்பிவைத்த வாக்காளர்களிற் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் உரியவரல்லர் என்றாகிவிட்டனர். பிற்காலத்தில் வேலுப்பிள்ளை எழுதிய நாவலொன்றுக்கு ‘வீடற்றவன்’ என்று பெயர். 1964 அக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டில் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. தலைமன்னாரில் கப்பலேறியவர்களுள் பூண்டுலோயாக் குடும்பங்களும் உண்டு. நீலகிரித் தேயிலைக் காடுகளில் அவர்களில் ஒருசாராருக்கு வேலை கிடைத்தது. எஞ்சியவர் பலர் சமவெளி ஊர்களின் வெயிலில் என்ன பாடுபட்டனர் என்பதை, இன்றும் சில லயங்களில் தகரப்பெட்டிக்குள் கிடக்கும் பழங்கடிதங்கள் சொல்லும்.

அப்போது அனுப்பப்பட்டார்கள், இப்போது தாமாகவே போகிறார்கள். அதனாலேயே இவர்களுடைய குறையைக் கேட்பதற்கு ஒருவரும் இல்லை.

போகிறவர்களுக்குக் கொழும்பில் வாய்க்கும் இடங்கள் பெரும்பாலும் முன்கூட்டியே அறியப்பட்டவை. புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களின் மொத்த வியாபாரக் கடைகள், புடவைக் கடைகள், சாப்பாட்டுக் கடைகள், பாதுகாப்புச் சேவை, கட்டட வேலை. பெண்களுக்கு ஆடைத் தொழிற்சாலை அல்லது வீட்டு வேலை. முதலிற் போனவன் தம்பியை அழைப்பான். தம்பி பக்கத்துக் காம்பராத் தோழனை அழைப்பான். ஒரே லயத்துப் பிள்ளைகள் ஒரே கடையின் மேல்மாடியில் பாய் விரிப்பது இப்படித்தான்.

புடவைக் கடையொன்றில் ஆறு ஆண்டுகள் பணியாற்றும் இளைஞர் ஒருவர் பஸ் புறப்படுமுன் நம்மிடம் மனந்திறந்து பேசினார்.

“ஐயா, தோட்டத்துல ஒரு காம்பராவுல ஆறு பேர் இருந்தோம். அது பத்தடிக்குப் பன்னிரண்டு. இடம் பத்தலைன்னுதான் கொழும்புக்குப் போனேன். அங்க கடை மேல்மாடியில பதினொரு பேர். சன்னல் ஒண்ணுதான். அதுவும் அடுத்த கட்டடத்துச் சுவரைப் பார்த்துத் திறக்குது.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வெயில், கொசு, தண்ணீருக்குங்கூடக் காசு என்று அடுக்கிக்கொண்டே போனார். மலையில் பீலித் தண்ணீரைக் காசு கொடாமல் குடித்து வளர்ந்தவருக்குப் போத்தல் தண்ணீரின் விலை ஒரு தீராத வியப்பு. ஆனால் அவருடைய மெய்யான மனக்குறை இவற்றில் எதுவுமன்று. காலை எட்டு மணிக்குத் திறக்கும் கடையில் இரவு ஒன்பது வரை நிற்க வேண்டும். வாடிக்கையாளர் இல்லாத வேளையிலும் உட்காரக்கூடாது. “மலையில கால் வலிச்சா ஒரு கல்லு மேல உட்காரலாம். யாரும் கேட்கமாட்டாங்க” என்றார்.

இந்நாட்டிலே 1954ஆம் ஆண்டு முதல் கடை, அலுவலக ஊழியர் சட்டம் ஒன்று இருக்கிறது. நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தைந்து மணி வேலைநேரம். அதற்கு மேற்பட்டால் மேலதிகக் கூலி என்கிறது அச்சட்டம். 1958இன் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி முதலாளி நூற்றுக்குப் பன்னிரண்டும் தொழிலாளி எட்டும் மாதந்தோறும் செலுத்த வேண்டும். தோட்டத்திலே துரையும் கணக்கப்பிள்ளையும் எத்தனை கடுமையானவர்களாயிருப்பினும் செக்ரோலில் பெயர் பதிந்தவருக்குச் சேமலாப நிதி உண்டு. கடைப் பையன்களிற் பலருக்கோ நியமனக் கடிதமே கிடையாது. கையிற் கிடைக்கும் சம்பளந்தான் எல்லாம். கடை மாறினால் ஆறு ஆண்டு உழைப்புக்கும் ஒரு துண்டுக் காகிதம்கூடச் சாட்சியாக இராது. தோட்டத்தை அடிமைத்தளை என்று வெறுத்து வெளியேறிய பிள்ளை, தன் தாய்க்கு இருக்கும் பாதுகாப்பு தனக்கு இல்லை என்பதை முப்பது வயதில் அறிகிறான்.

வீட்டு வேலைக்குப் போகும் பெண்களின் நிலை இதனினும் தாழ்ந்தது. சேமலாப நிதிச் சட்டம் வீட்டுப் பணியைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டு வேலைக்காரரைப் பற்றிய சட்டமென்று நாம் காணக்கூடியது 1871ஆம் ஆண்டின் பதிவுக் கட்டளைச் சட்டமே. அதுவும் வேலைக்காரரிடமிருந்து எசமானைக் காப்பதற்கென்று எழுதப்பட்டது போல் இருக்கிறது. 2021 யூலையில் கொழும்பில் வீட்டு வேலைக்குச் சென்றிருந்த டயகமத் தோட்டத்துச் சிறுமி ஒருத்தி தீக்காயங்களோடு வைத்தியசாலையில் இறந்தபோது மலையகம் முழுவதும் கொதித்தெழுந்தது. அதன் பின்னர் எத்தனையோ தாய்மார் தம் பெண்களை வீட்டு வேலைக்கு அனுப்பப் போவதில்லை என்றனர். அனுப்பாதிருக்க அவர்களால் இயன்றதா என்பது வேறு கேள்வி.

கடைவீதியில் நம்முடன் பேசிய எவரும் மறவாது குறிப்பிட்டது 2020ஆம் ஆண்டுத் தீபாவளி. அக்டோபரில் பேலியகொடை மீன்சந்தையில் கொரோனாத் தொற்றுக் கண்டறியப்பட்டு, கொழும்பின் பல பகுதிகள் மூடப்பட்டிருந்தன. கடைகள் திறக்கவில்லை, சம்பளமும் இல்லை. நவம்பர் 14ஆம் நாள் தீபாவளி. நவம்பர் 11 நள்ளிரவு தொடங்கி 15ஆம் நாள் வரை மேல் மாகாணத்தை விட்டு எவரும் வெளியேறக்கூடாது என்று அரசாங்கம் தடை விதித்தது. நோய் பரவாமல் தடுக்க அது வேண்டியதாகவே இருந்திருக்கலாம். ஆயினும் ஆண்டு முழுவதும் அந்த ஒரு நாளுக்காகவே நின்று உழைக்கும் பிள்ளைகள் பலர், கடை மேல்மாடியில் அடைபட்டு, கைத்தொலைபேசியில் தாயின் முகத்தைப் பார்த்தவாறு பண்டிகையைக் கழித்தனர். முன்னரே வந்து சேர்ந்தவர்களுக்கும் மகிழ்ச்சியில்லை. ‘கொழும்பான் வந்துவிட்டான்’ என்று அண்டைக் காம்பராக்கள் கதவடைத்தன. நகரத்தில் ‘தோட்டத்தான்’ என்று பெயர் பெற்றவன், தோட்டத்தில் ‘கொழும்பான்’ ஆனான். இதைச் சொன்னவர் இளைஞரல்லர், அவருடைய தந்தை. அந்த நாட்களில் தம் மகனுக்கு உணவை வாசற்படியில் வைத்துவிட்டு விலகி நின்றதாகக் கூறி, பேச்சை மாற்றிக்கொண்டார்.

தனியாகப் போனவர்களின் கதை இது. மணமாகி மனைவி மக்களுடன் குடியேறியவர்களின் மனக்குறை வேறொரு வகையானது. வத்தளையிலும் கொட்டாஞ்சேனையிலும் கிராண்ட்பாஸிலும் இரண்டு அறை வீட்டுக்கு வாடகை கொடுத்தே வருவாயில் பாதி போய்விடுகிறது. அதையும் பொறுத்துக்கொள்வது பிள்ளைகளின் படிப்புக்காக. ஆனால் அரசாங்கப் பாடசாலையில் முதலாம் வகுப்பிற் சேர்ப்பதற்கு வதிவிடத்தை நிரூபிக்க வேண்டும். வாக்காளர் இடாப்பில் பெயர், வாடகை ஒப்பந்தம், மின்சாரப் பட்டியல் என்று ஆவணங்கள் கேட்கப்படுகின்றன. வீட்டுக்காரரோ ஒப்பந்தம் எழுதித் தர விரும்பமாட்டார். வாக்கு இன்னும் பூண்டுலோயாவில் இருக்கிறது. படிப்புக்கென்றே மலையிறங்கி வந்தவர்கள் பாடசாலை வாயிலில் நின்று, தாம் எந்த ஊரவர் என்பதற்கு ஆதாரம் தேடுகிறார்கள்.

அப்படியானால் வாக்கை மாற்றிப் பதிவதுதானே என்று வாசகர் கேட்கலாம். நாமும் கேட்டோம். இங்கேதான் மலையகத்துக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. லயக் காம்பரா தொழிலாளிக்குச் சொந்தமன்று; தோட்டத்துக்குச் சொந்தம். குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்தில் பேர் போட்டுக்கொண்டிருக்கும் வரையில் அக்காம்பராவை ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஆகவே அறுபதை எட்டும் தாய் மழையிலும் அட்டைக்கடியிலும் கூடை சுமக்கிறாள். மகன் கொழும்பிலிருந்து பணம் அனுப்புகிறான். ஆயினும் அவள் நிற்பதில்லை. நின்றால் காம்பரா போய்விடும். காம்பரா போனால் மகன் தீபாவளிக்கு வருவதற்கு இடமில்லை. நகரத்தில் ஊன்றவும் முடியாமல், ஊரை அறுத்துக்கொள்ளவும் முடியாமல் ஒரு குடும்பத்தையே இழுத்துப் பிடித்திருப்பது நூற்றிருபது சதுர அடி நிலம்!

நிலமும் வீடும் கிடைத்த இடங்களில் இக்கட்டுச் சற்றுத் தளர்ந்திருப்பதையும் சொல்ல வேண்டும். 2018ஆம் ஆண்டில் இந்திய உதவியுடன் கட்டிய 404 தனி வீடுகள் டன்சினன் தோட்டத்தில் மக்களிடம் கையளிக்கப்பட்டன. அத்தகைய வீடொன்றின் முற்றத்தில் கத்தரிச்செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த இளைஞர், கொழும்புச் சாப்பாட்டுக் கடையொன்றை விட்டு மீண்டு வந்தவர். முச்சக்கர வண்டி ஓட்டுகிறார். “வருமானம் குறைவுதான். ஆனா கதவைச் சாத்தினா அது என் கதவு” என்றார்.

கொழும்பிலும் ஒரு ‘தோட்டம்’ உண்டு என்பது வேடிக்கை. மாநகரின் நெருக்கமான குடிசைப் பகுதிகளைச் சிங்களத்தில் ‘வத்த’ என்பார்கள். தோட்டம் என்பதே அதன் பொருள். பொதுக் குழாயும் பொது மலசலகூடமும் சுவரோடு சுவர் ஒட்டிய அறைகளுமாக அவை லயங்களையே நினைவூட்டும். மலையிலிருந்து வந்து மருதானை, தெமட்டகொடைப் பக்கங்களில் குடியேறிய குடும்பங்கள் சில, தலைமுறை தாண்டியும் அங்கேயே இருக்கின்றன. அவ்விடங்களை அகற்றி மக்களை மாடிவீடுகளில் ஏற்றும் வேலை 2001ஆம் ஆண்டில் சகஸ்புர கட்டடத்தோடு தொடங்கியது. பிற்பாடு எழுந்த மாடிகளிலும் குடியிருப்போர் சொல்வது ஏறத்தாழ ஒன்றே: மின்தூக்கி பழுதானால் முதியவர்கள் சிறைப்பட்டார்கள், இடியப்பம் அவித்து விற்றவளுக்கு வாசல் இல்லை, முன்பு ஒரு குரலுக்கு ஓடிவந்த அயலார் இப்போது வெவ்வேறு தட்டுகளில் இருக்கிறார்கள்.

இவ்வளவு மனக்குறையிருந்தும் ஏன் திரும்பி வரவில்லை? நாம் கேட்ட இளைஞர்களில் ஒருவர்கூடக் கொழுந்து பறிக்கவோ கவ்வாத்துக் கத்தி பிடிக்கவோ வர இசையவில்லை. நாட்கூலி ஆயிரம் ரூபாயாவதற்கே பல ஆண்டுப் போராட்டம் வேண்டியிருந்தது. 2021 மார்ச்சில்தான் அது கைகூடியது. 2024 செப்டம்பரில் அடிப்படைக் கூலி 1,350 ரூபாயாயிற்று. நிறை குறைந்தால் அரைப்பேர் என்ற அச்சம் மட்டும் மாறவில்லை. அதற்கும் மேலே, பிரட்டுக் களத்தில் தகப்பனார் கைகட்டி நின்றதைக் கண்ட பிள்ளை அவ்விடத்தில் நிற்கமாட்டான். கொழும்பில் அவனைத் திட்டும் முதலாளிக்கு அவனுடைய தகப்பனைத் தெரியாது. அது ஒரு சிறு ஆறுதல் என்று ஒருவர் சொன்னபோது நமக்கு மறுமொழி கூற ஒன்றும் தோன்றவில்லை.

பஸ் வண்டி ஒலியெழுப்பியது. சன்னலோரத்தில் இடம்பிடித்த பிள்ளைகள் கையசைத்தனர். தாய்மார் வண்டி வளைவு தாண்டும் வரை நின்றுவிட்டு, நேரம் பிந்தினால் கணக்கப்பிள்ளை பேர் போடமாட்டார் என்று விரைந்தனர். தேயிலைப் பொட்டலத்தைப் பைக்குள் வைத்த அம்மாள் மட்டும் சிறிது தயங்கி, நாம் கொழும்புக்குப் போவதுண்டா என்று விசாரித்தார்.

“போனா, நம்ம மகன் கடைப் பக்கம் எட்டிப் பாருங்கய்யா. காம்பராவுக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னான், மழையில முடியலை. தைப்பொங்கலுக்கு முந்தி அடிச்சிடுவேன்னு சொல்லுங்க.”

கடையின் பெயரை ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டோம்.