செங்கடலும் சனிக்கிழமைச் சம்பளமும்

காலைத் தொழுகை முடிந்து இல்லம் திரும்பியதும் நாம் விரும்பி அருந்துவது காப்பி. திருப்பூரில் நம் குடும்பங்கள் பலவற்றிற்கும் சோறு போடுவது பனியன். இவ்விரண்டிற்கும் என்ன உறவு என்று எண்ணிப் பார்த்ததுண்டா? நம் நாட்டுக் காப்பிக்கொட்டையும் திருப்பூர்ப் பின்னலாடையும் ஐரோப்பாவை அடைய ஒரே கடல்வழியை நம்பியிருக்கின்றன. அவ்வழி அடைபட்டால் அதன் சுமை கடைசியில் யார் தலையில் இறங்குகிறது என்பதை நம் வீட்டார் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

மோக்காவிலிருந்து வந்த வித்து

‘கஹ்வா’ என்னும் அரபுச் சொல்லே பல மொழிகளைக் கடந்து நம்மிடம் ‘காப்பி’யாக வந்து சேர்ந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் யமன் நாட்டுச் சூபி ஞானிகள் இரவு வணக்கங்களில் உறக்கத்தை வெல்ல இப்பானத்தை அருந்தினர். செங்கடற்கரையிலுள்ள மோக்கா துறைமுகத்திலிருந்து அது உலகெங்கும் சென்றது. முளைக்கும் கொட்டையை வெளியே கொண்டுசெல்ல அங்கே தடையிருந்தது என்றும், ஹஜ்ஜுக்குச் சென்று திரும்பிய பாபா புதன் என்னும் இறைநேசர் ஏழு கொட்டைகளைக் கொணர்ந்து சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. இது பதினேழாம் நூற்றாண்டுச் செய்தி. அம்மலை இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

பனியனின் கதையும் ஏறத்தாழ அப்படித்தான் தொடங்குகிறது. 1920களில் குலாம் காதர் சாயபு திருப்பூரில் பின்னல் ஆலையைத் தொடங்கினார். உள்நாட்டுத் தேவைக்காக இயங்கிவந்த தொழில், 1978இல் வெரோனா என்னும் இத்தாலிய இறக்குமதியாளர் வந்தபின் நேரடி ஏற்றுமதிக்குத் திரும்பியது. இந்தியக் காப்பியை மிகுதியாக வாங்கும் நாடும் அதே இத்தாலிதான்!

மலையிலிருந்து கப்பல் வரை

நம் நாட்டில் விளையும் காப்பியில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு கருநாடகத்தைச் சேர்ந்தது. தமிழகத்தில் சேர்வராயன் மலை, கீழ்ப்பழனி மலை, நீலகிரி, ஆனைமலை ஆகிய இடங்களில் விளைகிறது. பறித்த பழம் அப்படியே கப்பலேறுவதில்லை. அதனை உலர்த்தி, மேல்தோல் நீக்கி, பருமன் வாரியாகச் சலித்து, நிறம் பார்த்துப் பொறுக்கியெடுக்க வேண்டும். அதன்பின் அறுபது கிலோ கொள்ளும் சணல் மூட்டைகளில் கட்டுவர். இருபதடிக் கன்டெய்னர் ஒன்றில் சுமார் 320 மூட்டைகள் அடங்கும். அதாவது 19 டன்னுக்குச் சற்று மேல்.

கொட்டையில் ஈரம் பன்னிரண்டு விழுக்காட்டுக்கு மேற்படலாகாது. வெப்பமான துறைமுகத்தில் மூடப்பட்ட இரும்புப்பெட்டி குளிர்ந்த கடலுக்குள் நுழையும்போது, உள்ளிருக்கும் ஈரக்காற்று கூரையில் நீர்த்துளியாகப் படிந்து மூட்டைகளின்மீது சொட்டும். பூசணம் பிடித்தால் உழைப்பெல்லாம் வீண்! இதனைத் தடுக்கவே பெட்டியின் உட்புறம் தடித்த காகிதம் ஒட்டி, ஈரம் உறிஞ்சும் பைகளையும் தொங்கவிடுகின்றனர்.

விலை எங்கே பிறக்கிறது?

தோட்டக்காரர் தம் விருப்பம்போல் விலை சொல்ல இயலாது. அரபிக்கா வகைக்கு நியூயார்க் சந்தையும், ரொபஸ்டா வகைக்கு லண்டன் சந்தையும் வழிகாட்டுகின்றன. 2001இல் அரபிக்கா ஒரு பவுண்டுக்கு 50 சென்டுக்கும் கீழே வீழ்ந்தது. 2025 பிப்ரவரியிலோ 4 டாலரைத் தாண்டியது. பிரேசிலில் மழை பொய்த்தால் இங்கே விலை ஏறுகிறது. அங்கே அமோகமாக விளைந்தால் இங்கே இறங்குகிறது. 1942ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் காப்பி வாரியமே விளைச்சலைத் திரட்டி விற்றுவந்தது. 1992 முதல் படிப்படியாகத் தளர்த்தப்பட்ட அம்முறை 1996இல் முற்றிலும் நீங்கியது. அன்றுமுதல் இலாபமும் விவசாயிக்கே, நட்டமும் விவசாயிக்கே.

அடைபட்ட வாயில்

மோக்காவுக்குத் தெற்கே, செங்கடல் தொடங்குமிடத்தில் ‘பாபுல் மந்தப்’ என்னும் குறுகிய நீரிணை உள்ளது. ‘கண்ணீர் வாயில்’ என்பது அதன் பொருள். 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதிலிருந்து ஐரோப்பா செல்லும் நம் சரக்குகளுக்கு இதுவே தலைவாயில். 2021 மார்ச்சில் ஒரே ஒரு கப்பல் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் சிக்கிக்கொண்டதற்கே உலக வாணிபம் தடுமாறியது. 2023 நவம்பர் முதல் இந்நீரிணைப் பகுதியில் கப்பல்கள் தாக்கப்படவே, பெரிய கப்பல் நிறுவனங்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு செல்லத் தலைப்பட்டன. பயணம் பத்து முதல் பதினான்கு நாட்கள் நீண்டது, கூலி பன்மடங்காயிற்று, காலிப் பெட்டிகளும் உரிய நேரத்தில் திரும்பவில்லை.

காப்பி ஓரளவு காத்திருக்கும். கோடைக்கென்று தைத்த சட்டை காத்திருக்குமா? பருவம் தவறினால் வாங்குபவர் தள்ளுபடி கேட்பார். அல்லது ஏற்றுமதியாளர் தம் செலவில் விமானத்தில் அனுப்ப நேரும். ‘கப்பலில் ஏற்றித் தருவதோடு நம் பொறுப்பு முடிந்தது, கடற்கூலி வாங்குபவருடையது’ என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கலாம். ஆயினும் கூலி உயர்ந்தால் அடுத்த ஆர்டரில் அதே தொகையை விலையில் குறைக்கச் சொல்கின்றனர். பணமும் தாமதமாகிறது.

அந்தத் தாமதம் தூத்துக்குடியில் நின்றுவிடுவதில்லை. ஏற்றுமதியாளரிடமிருந்து சாயப்பட்டறைக்கும், பவர் டேபிள் வைத்திருக்கும் சிறு ஜாப் ஒர்க் முதலாளிக்கும், அவரிடமிருந்து கை மடித்து அடுக்கும் பெண்ணுக்கும் படிப்படியாக இறங்குகிறது. பெரியவரிடம் வங்கிக் கடன் உண்டு. சிறியவரிடம் மனைவியின் வளையல்தான் உண்டு. சனிக்கிழமை மாலை கையில் விழவேண்டிய சம்பளம் பாதியாகும்போது, அரிசிக் கடைக்காரரிடம் செங்கடலைக் காரணம் காட்ட முடியுமா?

நாம் செய்யத்தக்கது

கடலை நாம் அடக்க இயலாது. கணக்கை ஒழுங்கு செய்துகொள்ளலாம். ஜாப் ஒர்க் செய்யும் சகோதரர்களே, வேலையை ஏற்கும் முன்னரே பணம் எந்நாளில் வரும் என்பதை எழுத்தில் பெறுங்கள். ‘சரக்கு போய்ச் சேர்ந்ததும்’ என்பது நாளாகாது. குறு, சிறு நிறுவனங்களுக்குரிய தொகையை 45 நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. எழுத்து ஒப்பந்தம் இல்லையெனில் கெடு 15 நாட்களே. தாமதித்தால் வட்டியும் உண்டு. ஆனால் முறையிடுவதற்கு ‘உதயம்’ பதிவு தேவை. அதற்குக் கட்டணம் ஏதுமில்லை. இன்றே பதிந்துவிடுங்கள்.

ஏற்றுமதி செய்யும் பெரியோர்களே, உங்கள் இடரும் மெய்யானதே. எனினும் கப்பல் சுற்றிச் செல்வதைத் தையற்காரரின் குற்றமாக்காதீர். உழைத்தவரின் கூலியைத் தாமதிக்கலாகாது என்பது நம் மார்க்கம் வணிகருக்குக் கற்பித்த முதற்பாடங்களுள் ஒன்று.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகளுள் ஒருவரேனும் தையலோடு நில்லாமல் கப்பல் ஆவணங்கள், சுங்க நடைமுறை, காப்பீடு ஆகியவற்றைக் கற்கட்டும், பெண்மக்களும் கற்கட்டும். கடல் வாணிபத்தைத் தொழிலாகக் கொண்டிருந்த காயல்பட்டினத்து, கீழக்கரை முன்னோர் வழிவந்த நமக்கு அது புதிய கலையன்று.

நாளைக் காலையில் காப்பிக் கோப்பையை ஏந்தும்போது, அதன் வித்து புறப்பட்ட கடற்கரையை ஒரு கணம் நினையுங்கள். அக்கடலின் அலை நம் அடுப்படி வரை வந்து மோதுகிறது. அது வரும் வழியை அறிந்த குடும்பம் அதற்குமுன் வாசற்படியையேனும் உயர்த்திக்கொள்ளும்.