வெல்டிங் முடிந்த பிறகே உள்சட்டை

ஓசூரில் காலை ஷிஃப்டுக்கு விரையும் வண்டிகளில் போல்ட்டும் நட்டும் மின்னுவது துத்தநாக முலாமால். முலாம் பிடிக்க வேண்டுமானால் இரும்பின் மேலிருக்கும் துரு முழுக்கப் போக வேண்டும். அதற்காக உதிரிபாகங்களை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் முக்கி எடுக்கிறார்கள். 1980-இல் அசோக் லேலண்ட் ஆலையும் டி.வி.எஸ். 50 மொபெட்டும் இங்கே வந்தன. வாகனத் தொழில் வளர வளர, அமிலத்தின் தேவையும் கூடியது.

துருவைத் தின்னும் அமிலம், தன்னைச் சுமக்கும் இரும்புக் குழாயை மட்டும் விட்டுவைக்குமா? துருப்பிடிக்காத எஃகும் தப்பாது. அதன் காப்புப் படலத்தைக் குளோரைடு துளைத்துவிடும். வெறும் பிளாஸ்டிக் குழாயோ சூடும் அழுத்தமும் கூடினால் தொய்ந்துபோகும். அதனால்தான் இரும்பு உடலுக்குள் டெஃப்ளான் உள்சட்டை, அதாவது லைனிங். 1938-இல் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டறிந்த பொருள் இது. கார்பன் சங்கிலியை ஃபுளூரின் அணுக்கள் நெருக்கமாகப் போர்த்தியிருப்பதால், அமிலத்துக்குக் கைவைக்க இடமே கிடைப்பதில்லை.

ஆனால் வெல்டிங்கில் எஃகு உருக சுமார் 1,500 டிகிரி செல்சியஸ் வேண்டும்; டெஃப்ளான் 327 டிகிரியிலேயே உருகிவிடும். மேலும் சுட்டால் நச்சுப்புகை எழும். ஆகவே வேலையில் வரிசைதான் முக்கியம். வெல்டர் முதலில் குழாயின் முனையில் ஃபிளேஞ்ச் என்ற இணைப்பு வளையத்தைப் பற்றவைப்பார். உள்ளே பிதுங்கிய வெல்டிங் மேட்டைக் கிரைண்டரால் வழுவழுவென்று தேய்ப்பார். ஒரு சிறு கூர்முனை மிஞ்சினாலும் லைனிங் கிழிந்துவிடும். அதன் பிறகே டெஃப்ளான் குழல் உள்ளே நுழையும். வெளியே நீளும் அதன் முனையைச் சூடாக்கி, ஃபிளேஞ்சின் முகத்தில் சட்டைக் காலர்போல மடிப்பார்கள். இரண்டு குழாய்களை போல்ட் போட்டு இறுக்கினால் காலரும் காலரும் ஒட்டிக்கொள்ளும். அமிலம் இரும்பைப் பார்ப்பதே இல்லை.

அடுத்து 10,000 வோல்ட் அளவு மின்னழுத்தத்தோடு ஒரு தூரிகை உள்ளே நகரும். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருந்தாலும் அங்கே பொறி பறக்கும்.

இரும்புச் சுவரில் வேண்டுமென்றே போட்ட சின்னத் துளையும் உண்டு. டெஃப்ளானையும் மெல்லக் கடந்துவரும் வாயு அதன் வழியே வெளியேறும். இல்லாவிட்டால் இடையில் தேங்கி, லைனிங்கை உள்பக்கமாக நசுக்கிவிடும். லைனிங் கிழிந்தால் முதல் சொட்டு தெரிவதும் அங்கேதான். அந்தத் துளையைப் பெயின்ட்டால் அடைப்பதும், சொட்டுகிறதே என்று வெல்டிங் வைப்பதும் பெரும் தவறு. பக்கத்தில் ஓடும் தென்பெண்ணை ஆற்றில் அமிலம் கலந்துவிடக் கூடாது; அதை நம்பி எத்தனையோ வயல்கள் இருக்கின்றன. அந்தச் சொட்டைக் கண்டதும் வால்வை மூடுங்கள், குழாயை மாற்றுங்கள்.