நாலாவது செல்

"எத்தனை மாசமா கிடக்கு?" என்று கேட்டார் பேட்டரிக் கடை அண்ணன்.

"ரெண்டு மழை பார்த்திருக்கும்ணே."

அவர் பதில் சொல்லவில்லை. டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்ததை ஒரு குச்சியால் தட்டிப் பார்த்தார். அவர் சட்டையில் மிளகு மிளகாக ஓட்டைகள். பருத்தித் துணியில் ஆசிட் தெறித்தால் அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. துவைத்துக் காயப்போடும்போதுதான் சல்லடையாகியிருக்கும்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப் போட்டதே, அதில் தொடங்கியது இந்தக் கதை. மின்கம்பங்கள் வயலில் படுத்துக் கிடந்தன. பல கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கானது. எங்கள் தெருவில் ஒரு டிராக்டர் பேட்டரியைச் சுற்றித்தான் கூட்டம். ஆளுக்குக் கால் மணி நேரம் போன் சார்ஜ். அதைப் பார்த்த சூட்டோடு, மாருதி 800 ஒன்றிலிருந்து கழற்றிய 35 ஆம்பியர்-அவர் பேட்டரியை ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கினேன். அடுத்த புயலுக்கு ஆகும் என்று மாட்டுக் கொட்டகை மூலையில் வைத்தேன். வைத்ததோடு சரி.

சும்மா கிடந்தால் கற்கண்டு

பேட்டரி உழைத்துத் தேய்வதைவிடச் சும்மா கிடந்து கெடுவதுதான் வேகமாக நடக்கிறது. 2020 ஊரடங்கில் வாசலிலேயே நின்ற கார்களின் சொந்தக்காரர்கள் இதைக் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டார்கள்.

1859-இல் பிரான்சின் காஸ்டன் பிளாண்டே ஈயத் தகடுகளைச் சுருட்டிக் கந்தக அமிலத்தில் முக்கியதிலிருந்து இன்றுவரை வேதியியல் மாறவில்லை. மின்சாரம் வெளியேறும்போது இரு தகடுகளிலும் ஈய சல்பேட் படியும். சார்ஜ் ஏற்றினால் கரைந்துபோகும். எதிலும் இணைக்காமல் வைத்தாலும் பேட்டரி தனக்குள்ளேயே கசிந்துகொண்டிருக்கும். வெயில் ஏற ஏற இந்தக் கசிவும் கூடும். அப்படிப் படிந்த சல்பேட்டை உடனே கரைக்காமல் விட்டால் இறுகிவிடும். சர்க்கரைப் பாகைக் கிண்டிக்கொண்டே இருந்தால் பொடியாகும். அசைக்காமல் நாள்கணக்கில் வைத்தால் கற்கண்டாகும். தகட்டில் நடப்பதும் அதுதான். பொடி கரையும், கற்கண்டு எளிதில் கரையாது. இதைத்தான் கடையில் "சல்பேட் ஆயிடுச்சு" என்கிறார்கள்.

மீட்டரை வைத்தார் அண்ணன். 10.2 வோல்ட். ஓய்வில் 12.6 காட்டினால் பேட்டரி முழு வயிறு, 12.2 என்றால் பாதி, 11.8-க்குக் கீழே பட்டினி. கார் பேட்டரிக்குள் இருப்பவை ஆறு செல்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ட். "பத்து சொச்சம் காட்டுனா ரெண்டு அர்த்தம் தம்பி. ஆறும் பட்டினியா இருக்கலாம். இல்லே, அஞ்சு நல்லா இருந்து ஒண்ணு செத்திருக்கலாம். பட்டினின்னா சோறு போடலாம். செத்தது செத்ததுதான்."

இரண்டு நாள் வைத்தியம்

ஆப்ப சோடா கரைத்த வெந்நீரை ஊற்றியதும் டெர்மினலில் நுரை பொங்கியது. பூத்திருந்ததெல்லாம் கழன்று வந்தது. துடைத்துக் காயவிட்டு, ஆறு மூடிகளையும் திறந்தார். தண்ணீர் வற்றி, தகடுகளின் தலை வெளியே தெரிந்தது. தகடு மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் விட்டார். சார்ஜ் ஏறும்போது மட்டம் உயரும் என்பதால் மிச்சம் பிறகுதான்.

"ஆசிட் விடலியாண்ணே?"

"வத்துனது தண்ணி. ஆசிட் எங்கயும் போகலை, தகட்டுல ஒட்டிக்கிட்டு இருக்கு."

பழைய பேட்டரிச் சந்தையின் ஏமாற்று வேலை இந்த இடத்தில்தான் நடக்கிறது. புது ஆசிட்டை ஊற்றினால், அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் உடனே நல்ல கணக்குக் காட்டும். சல்பேட் அப்படியே இருக்கும். கூடுதல் அமிலம் தகட்டையும் அரிக்கும். எப்சம் உப்பு, ஆஸ்பிரின் மாத்திரை என்று சொல்லப்படும் கைவைத்தியங்களும் போன தகட்டைத் திருப்பித் தருவதில்லை. ஆஸ்பிரின் பிரிந்து உண்டாகும் அசிட்டிக் அமிலம் ஈயத்தைத் தின்றுவிடும்.

பிறகு ஸ்லோ சார்ஜ், இரண்டு ஆம்பியரில். முதல் சில மணி நேரம் அம்மீட்டர் முள் அரை ஆம்பியரைத் தாண்டவே இல்லை. இறுகிய சல்பேட் மின்சாரத்தை உள்ளே விடாது. அவசரப்பட்டு ஆம்பியரைக் கூட்டினால் தகடு சூடேறி வளையும். மாலையில் முள் மெல்ல எழுந்தது. மறுநாள் ஆறு வாய்களிலும் குமிழி வந்தது. குமிழியில் இருப்பது ஹைட்ரஜன். காற்றில் நான்கு சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். அதனால் சார்ஜ் போடும் இடத்தில் ஜன்னல் திறந்திருக்கும், பீடி அணைந்திருக்கும். சார்ஜரை நிறுத்திய பிறகுதான் கிளிப்பைக் கழற்றுவார்.

பல்பு சொன்ன கணக்கு

சார்ஜ் முடிந்ததும் மீட்டர் காட்டும் எண்ணை நம்பக்கூடாது. ஓர் இரவு ஓயவிட்டு, காலையில் ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு செல்லாக உறிஞ்சிப் பார்த்தார். முழு சார்ஜில் 1.250 முதல் 1.280 வரை இருக்க வேண்டும். கடையில் புள்ளியை விட்டுவிடுவார்கள். "ஆயிரத்து இருநூத்து முப்பது... முப்பது... இருபத்தஞ்சு..." நாலாவது செல்லில் குரல் நின்றது. "நூத்து எம்பது." அந்த மூடிக்கு நேரே சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். மொத்த வோல்டேஜ் 12.4.

அடுத்தது பரீட்சை. நான்கரை ஆம்பியர் இழுக்கும் 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றை மாட்டி, 10.5 வோல்ட்டுக்கு இறங்கும்வரை நேரம் பார்த்தோம். நான்கு மணி நேரம். பெருக்கினால் 18 ஆம்பியர்-அவர். 35-இல் பாதி திரும்பி வந்திருந்தது.

பழைய பேட்டரி வாங்கப் போகிறவர்களுக்கும் இதே பாடம்தான். பக்கவாட்டில் உப்பியிருந்தால் தொடாதீர்கள். மூடி திறக்கும் வகையென்றால் ஆறு செல்லையும் தனித்தனியே பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று ஐம்பது புள்ளி வித்தியாசம் வந்தாலே சந்தேகம்தான். எதுவானாலும் லோடு கொடுத்துக் காட்டாமல் காசு கொடுக்காதீர்கள்.

பாதி பேட்டரிக்குப் பாதி வேலை

இதை மறுபடி காரில் மாட்டலாமா? ஸ்டார்ட்டர் மோட்டார் ஒரே மூச்சில் நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும். நாலாவது செல் நடுவழியில் கைவிட்டுவிடும். வெளிச்சத்துக்கு ஆகும், ஆனால் அதற்கும் வரம்பு உண்டு. இன்வெர்ட்டர் பேட்டரியின் தகடு தடிமனானது, ஆழமாக வடிந்து திரும்பவும் நிறையும். கார் பேட்டரியின் தகடோ மெல்லியது. அடிவரை வடிய விட்டால் சில பத்து முறைகளிலேயே உதிர்ந்துவிடும். எனவே இருக்கும் 18-இல் பாதியைத்தான் செலவழிக்கலாம். ஒன்பது ஆம்பியர்-அவர், சுமார் 108 வாட்-அவர். ஐந்து வாட் டிசி பல்பு இரண்டு, பத்து வாட்டுக்கு போன் சார்ஜ் என்றால் ஐந்து மணி நேரம்.

இப்போது கொட்டகைக் கூரையில் 40 வாட் சோலார் தகடு. நடுவில் சார்ஜ் கண்ட்ரோலர். அளவு மீறி ஏறவும் விடாது, வடியவும் விடாது. பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ். சாதுவாகத் தெரிந்தாலும் இரு முனைக்கும் குறுக்கே ஸ்பேனர் விழுந்தால் அதை வெல்டிங் செய்துவிடும் வேகம் பாதி பேட்டரிக்கும் உண்டு.

கடைசிப் பயணம்

"இது எத்தனை நாள் வரும்ணே?"

"நாலாவதைக் கேளுங்க." பிறகு அவரே சொன்னார்: "போனப்புறம் காயலாங்கடையில போட்றாதீங்க. புதுசு வாங்குற கடையில எக்ஸ்சேஞ்சுக்குக் குடுங்க."

அவர் சொன்னதன் கனம் செனகல் நாட்டில் தெரியும். தலைநகர் டக்காரின் தியாரோயே பகுதியில் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்தார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அங்கே 18 குழந்தைகள் இறந்தார்கள். ஈய மண் வீட்டுக்குள்ளேயே வந்திருந்தது. பேட்டரி எடையில் பாதிக்கு மேல் ஈயம்தான். முறையான ஆலையில் உருக்கினால் அது மறுபடியும் பேட்டரியாகும், கொல்லைப்புறத்தில் உருக்கினால் புகையாகவும் மண்ணாகவும் பிள்ளைகளின் ரத்தத்தில் சேரும். பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற இந்தியாவில் 2001-லேயே விதிகள் வந்தன. 2022-இல் வந்த புதிய விதிகள் தயாரிப்பாளர்களின் பொறுப்பைக் கூட்டியிருக்கின்றன. அவை நடப்பது நாம் எந்தக் கடை வாசலில் இறக்கி வைக்கிறோம் என்பதில்தான்.

மாதப் பிறப்பன்று தண்ணீர் மட்டம் பார்த்து, நாலாவது செல்லின் கணக்கைக் கொட்டகைக் காலண்டரில் எழுதி வைக்கிறேன். தொடக்கத்தில் 1180. இந்த மாதம் 1165. ஐப்பசி அடைமழை தாங்கும் என்று நினைக்கிறேன். தை பிறந்ததும் எக்ஸ்சேஞ்ச் கடைக்குக் கொண்டுபோக, அதைச் சுமந்து வந்த அதே சாக்குப் பையை மடித்துப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.