‘இல்லை’ என்கிறது கணினி, திறந்து பார்த்ததா?

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தரும் ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. அதற்குள் புதுக் கணினிக்கு மாறிய வாசகர்கள் பலர் ஒரே குழப்பத்தை எழுதியிருக்கிறார்கள். கோப்புகள் எல்லாம் பத்திரமாக வந்துவிட்டன. ஆனால் ஒரு பத்திர எண்ணையோ வாடிக்கையாளர் பெயரையோ தேடினால், பழைய கணினியில் கிடைத்தது இதில் கிடைப்பதில்லை. எதுவும் பொருந்தவில்லை என்று பதில் வருகிறது.

அந்தப் பதிலை நம்பிக் கோப்பு போய்விட்டதென்று முடிவுகட்டாதீர்கள். தேடி இல்லாமற்போனதற்கும், உள்ளே பார்க்கவே இல்லை என்பதற்கும் விண்டோஸ் ஒரே வாசகத்தைத்தான் காட்டுகிறது.

நீங்கள் தேடும் நொடியில் விண்டோஸ் வழக்கமாகக் கோப்புகளைத் திறப்பதில்லை. முன்பே தயாரித்து வைத்த ‘இண்டெக்ஸ்’ என்ற அகரவரிசைப் பட்டியலைப் புரட்டுகிறது. கோப்பின் உள்ளே இருக்கும் எழுத்து அதில் ஏற வேண்டுமானால், கோப்பு இருக்கும் ஃபோல்டர் இண்டெக்ஸில் சேர்ந்திருக்க வேண்டும். அந்த வகைக் கோப்பிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ‘ஐஃபில்டர்’ என்ற சிறு நிரலும் வேண்டும். பழைய கணினியில் டாக்குமென்ட்ஸில் இருந்ததைப் புதியதில் டி டிரைவில் போட்டிருந்தால், முதல் படியிலேயே சறுக்கிவிடும்.

இரண்டாவது படிதான் எனக்குக் கவலை தருகிறது. கன்ட்ரோல் பேனலில் ‘இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ்’, அதில் ‘அட்வான்ஸ்டு’, அதில் ‘ஃபைல் டைப்ஸ்’ என்று போனால் எக்ஸ்டென்ஷன்களின் நீண்ட பட்டியல் வரும். ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் டிக் இருக்கும். டிக் இருந்தால் உள்ளே படித்துவிட்டது என்று அர்த்தமில்லை. பக்கத்துக் கட்டத்தைப் பாருங்கள். ‘ஃபைல் ப்ராப்பர்டீஸ் ஃபில்டர்’ என்றிருந்தால் பெயர், தேதி, அளவு போன்றவை மட்டுமே ஏறியிருக்கின்றன. ‘ரெஜிஸ்டர்டு ஐஃபில்டர் இஸ் நாட் ஃபவுண்ட்’ என்றிருந்தால் படிக்க ஆளே இல்லை. இத்தனை ஆயிரம் ஐட்டம்கள் இண்டெக்ஸ் ஆயின என்று முதல் பக்கத்தில் காட்டும் கணக்கில், பெயர் மட்டும் ஏறியவையும் சேர்த்தி. தேடும் இடத்தில் இதைப் பற்றி ஒரு வரி எச்சரிக்கை இருந்திருக்க வேண்டும், இல்லை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலும் இதே கதைதான்: அறிமுகமில்லாத எக்ஸ்டென்ஷன் கோப்புகளைத் தேடல் சத்தமில்லாமல் தாண்டிப் போகும், ரெஜிஸ்ட்ரியில் கைவைத்தால்தான் சரியாகும்.

இன்று அவ்வளவு சிரமமில்லை. வேண்டிய எக்ஸ்டென்ஷனைத் தேர்ந்து, கீழே ‘இண்டெக்ஸ் ப்ராப்பர்டீஸ் அண்ட் ஃபைல் கன்டென்ட்ஸ்’ என்பதை அழுத்துங்கள். பட்டியலில் இல்லாத எக்ஸ்டென்ஷனை அங்கேயே அடித்துச் சேர்க்கலாம். வெறும் எழுத்தாகச் சேமித்த கோப்புகளுக்கு இது போதும். தமக்கென்று தனி வடிவம் வைத்திருக்கும் மென்பொருள்களின் கோப்புகளுக்கு உதவாது.

செட்டிங்ஸில் உள்ள ‘என்ஹான்ஸ்டு’ முறை கணினி முழுவதையும் தேடித்தரும் என்கிறது மைக்ரோசாஃப்ட். அது விரிவாக்குவது இடத்தை மட்டும்தான். எந்தக் கோப்பைத் திறந்து படிப்பது என்ற பட்டியல் அப்படியேதான் இருக்கும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்பில் திரையில் ‘தமிழ்’ என்று தெரிந்தாலும், உள்ளே பதிவாகியிருப்பது ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். யுனிகோடில் தேடினால் அது எப்படி அகப்படும்? அவற்றை யுனிகோடுக்கு மாற்றுவதுதான் வழி.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

பென் டிரைவில் தேட? ஃபோல்டர் ஆப்ஷன்ஸின் ‘சர்ச்’ பக்கத்தில், பெயரோடு உள்ளடக்கத்தையும் தேடும்படி டிக் செய்யுங்கள், நேரம் பிடிக்கும்.

ஸ்கேன் செய்த பிடிஎஃப்? அது வெறும் படம். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஓசிஆர் செய்தால்தான் சிக்கும்.

ஒன்டிரைவில் மேகத்தில் மட்டும் இருப்பவை? பெயர் மட்டும் கிடைக்கும்.

இண்டெக்ஸ் அமைப்பை மாற்றிய உடனே பலன் தெரியுமா? தெரியாது, இண்டெக்ஸ் புதிதாகக் கட்டப்பட வேண்டும். கோப்புகள் நிறைய இருந்தால் ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள்.